குடிநோய் சிகிச்சை: சேலம் ஜி.எச்.சா, ஏற்காடு மையமா?

"ஊருக்குத் தெரிஞ்சா மானம் போயிடும்" என்றே சிகிச்சையைத் தள்ளிப்போடும் வீடுகள் நிறைய.

செலவு: ஜி.எச்.சில் இலவசம். மலைமேல் தனியார் மையத்தில் தங்குவதற்குக் கட்டணம் உண்டு.

கண்ணில் படுவது: ஜி.எச். வரிசையில் அம்மாபேட்டைக்காரர் யாராவது நிற்கத்தான் செய்வார்; பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டால் முடிந்தது. ஏற்காட்டில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் மாதக்கணக்கில் ஆளைக் காணோம் என்றால் தெருவே விசாரிக்குமே! வேலைக்குப் போய்க்கொண்டே ஜி.எச். ஓ.பி.யில் (வெளிநோயாளிப் பிரிவில்) மாத்திரை வாங்குபவரை அப்படி யாரும் கேட்பதில்லை.

பதிவேடு: இரண்டுக்கும் ஒரே சட்டம். சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்கச் சொல்லும் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23வது பிரிவு, மது, போதையால் வரும் மனநலப் பாதிப்புக்கும் பொருந்தும். முதலாளி கேட்டாலும் சொல்லக் கூடாது. உயிருக்கு ஆபத்து, உயர் நீதிமன்ற உத்தரவு போன்றவை விலக்கு.

தனியார் மையத்தில் கூடுதலாகக் கேளுங்கள்: மாநில மனநல ஆணையத்தில் பதிவு உண்டா? நோயாளிகள் சேர்ந்து மனம்விட்டுப் பேசும் குழு அமர்வுக்குள் செல்போன் விடுவார்களா? "குணமானவர்" படத்தை விளம்பரத்துக்குப் போடும் இடம் வேண்டவே வேண்டாம்.

வேலையை விட முடியாதவருக்கு ஓ.பி. போதும். வீட்டுச் சூழலே குடிக்கத் தூண்டுகிறது என்றால் ஏற்காடு. குடியை நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு வருபவர் முதலில் மருத்துவமனையில் படுக்கட்டும், மலை அப்புறம்.