முனகினால் பாட்டைச் சொல்லும் கூகுள்: அன்று 2 நட்சத்திரம், இன்று 4

போன மாதம் இந்த வசதிக்கு 2 நட்சத்திரம்தான் கொடுத்தேன். இப்போது 4 ஆக்குகிறேன். காரணத்தைச் சொல்ல வேண்டுமென்றால் ஒரு கனவிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

பினாங்கு ஜெலுத்தோங்கில் அடுக்குமாடி வீடு எனக்கு. தமிழ்ப்பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தனியாகத்தான் இருக்கிறேன். அன்று கனவில் நிபோங் திபால் பக்கம் நாங்கள் இருந்த பழைய தோட்டத்து லயத்து வீடு வந்தது. தகரக் கூரை மேல் மழை கொட்டுகிறது. கதவுக்கு அந்தப் பக்கம் பாட்டி நிற்கிறாள். திறக்கலாம் என்று தடவினால் கதவில் தாழ்ப்பாளே இல்லை. மழை சட்டென்று நின்றது. அந்த அமைதியில் பாட்டி ஒரு மெட்டை முனகினாள். பாட்டி போய் முப்பது வருஷம் ஆகிறது. இருந்த வரைக்கும் எங்களைத் திட்டினாளே தவிர ஒரு நாளும் பாடினதில்லை. விழித்துப் பார்த்தால் மணி நாலு, கழுத்தெல்லாம் வேர்வை.

கனவு பத்து நிமிஷத்தில் கலைந்தது. மெட்டு கலையவில்லை. பல் விளக்கும்போதும் இருந்தது, கோப்பி கலக்கும்போதும் இருந்தது. பட்டர்வொர்த்தில் இருக்கும் தங்கச்சிக்குப் போன் போட்டேன். "அக்கா, செத்தவங்க பாடினா கூப்பிடுறாங்கன்னு அர்த்தம். குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோயில்ல ஓர் அர்ச்சனை பண்ணிடு" என்றாள். அவள் எப்போதும் இப்படித்தான். ஆனாலும் போனேன்.

கோயிலிலிருந்து திரும்பும்போதுதான் இன்னொரு நினைப்பு வந்தது. பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னிக்கு 'யெஸ்டர்டே' பாட்டின் மெட்டு தூக்கத்தில்தான் கிடைத்ததாம். எழுந்து பியானோவில் வாசித்துப் பார்த்துவிட்டு, இது வேறு யாருடைய பாட்டோ என்று வாரக்கணக்கில் ஆட்களிடம் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். 1965ல் அது இசைத்தட்டாக வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் ஒரு புது மெட்டுக்குச் சொந்தக்காரி ஆகிவிட்டேனோ என்று ஓர் ஆசை. அதை உறுதி செய்துகொள்ளத்தான் போனை எடுத்தேன்.

பாட்டைக் கண்டுபிடித்துச் சொல்லும் ஷஸாம் ஆப் இதற்கு உதவாது. அது ஒலிப்பதிவின் கைரேகையைப் பார்க்கிற ஆள். பாட்டே ஓடினால்தான் பிடிக்கும். கூகுளில் 2020 அக்டோபரில் வந்த முனகல் தேடல் வேறு மாதிரி. கூகுள் ஆப்பில் மைக்கை அமுக்கி, பாட்டுத் தேடலைத் தொட்டு, பத்துப் பதினைந்து விநாடி முனகினால் போதும். குரல், வாத்தியம் எல்லாவற்றையும் உரித்துவிட்டு, மெட்டு ஏறி இறங்குகிற வடிவத்தை மட்டும் எண்களின் வரிசையாக மாற்றி ஒப்பிடுகிறது. சுருதி சேராவிட்டாலும் பரவாயில்லை. பிறகு எந்தெந்தப் பாட்டு எத்தனை சதவீதம் ஒத்துப்போகிறது என்று பட்டியல் போடும். முதலில் முந்தின நாள் மின்னல் எஃப்எம் வானொலியில் கேட்ட ஒரு பழைய பாட்டை முனகிச் சோதித்தேன். சட்டென்று சொல்லிவிட்டது.

அடுத்து என் கனவு மெட்டு. முதல் தடவை ஏதோ ஒரு மலாய்ப் பாட்டு, 18 சதவீதம். இரண்டாம் தடவை ஒரு கிறிஸ்துமஸ் பாட்டு, அதைவிடக் குறைவு. எரிச்சலாகி, மூன்றாம் தடவை கடகடவென்று முனகித் தள்ளினேன். 'டி ஃபொரெல்லெ', ஷூபர்ட் என்று வந்தது. யாரோ வியன்னாக்காரர், 1817ல் எழுதின மீன் பாட்டு. ட்ரவுட் மீனாம். எங்கள் பாட்டிக்குத் தெரிந்த மீனெல்லாம் கெம்போங்கும் கெளுத்தியும்தான். போனை மூடிவிட்டு 2 நட்சத்திரம் போட்டேன்.

அடுத்த சனிக்கிழமை வயிறு சரியில்லாமல் விடியற்காலையில் விழித்துக் கிடந்தேன். தலைக்கு மேலே அதே மழை. ஜன்னலைத் திறந்தால் வானம் வெளுத்துக் கிடக்கிறது, சொட்டு மழை இல்லை. கொஞ்ச நேரத்தில் மழைச் சத்தம் நின்றது. பிறகு கான்கிரீட்டைத் துளைத்துக்கொண்டு அந்த மெட்டு, சின்னச் சின்ன மணிச் சத்தமாக.

மேல்வீட்டில் ஒரு தம்பி இருக்கிறான், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. சாயங்காலம் போய்க் கேட்டேன். "வாஷிங் மெஷின் டீச்சர்! துணி முடிஞ்சா பாடும். இல்லன்னா நான் அப்படியே தூங்கிடுவேன்" என்றான். அவனுடையது சாம்சங். சாம்சங் மெஷின்கள் வேலை முடிந்ததும் வாசிப்பது ஷூபர்ட்டின் அதே மீன் பாட்டுத்தான். துணி பிழிகிற சுழற்சி தகரக் கூரை மழையாகவும், முடிவு மணி பாட்டியாகவும் என் தூக்கத்துக்குள் இறங்கியிருக்கிறது.

ஆக, கூகுள் சொன்னது சரி. பிழை என் தொண்டையில். முதல் இரண்டு தடவையும் அதைத் தாலாட்டு மாதிரி இழுத்து, கமகம் எல்லாம் போட்டு முனகியிருக்கிறேன். பாவம், அது என்ன செய்யும். ஷூபர்ட் எழுதின பாட்டையே போட்டுக் கேட்டால் துள்ளிக்கொண்டு ஓடுகிறது, பயப்பட அதில் ஒன்றுமே இல்லை.

பயன்படுத்தப் போகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். தேடுவதற்கு முன்னால் போனிலேயே மெட்டைப் பதிவு செய்துவிடுங்கள். அந்த மலாய்ப் பாட்டை முழுசாகக் கேட்டதில் என் மெட்டின் வால் பாதி அதோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. மூன்றாம் தடவை முனக ஞாபகத்தைத் தோண்டி எடுக்க வேண்டியிருந்தது. ஐந்தில் மீதி ஒரு நட்சத்திரத்தை அதற்காகத்தான் பிடித்து வைத்திருக்கிறேன்.

சத்தத்தை அணைத்துவிடட்டுமா என்று தம்பி கேட்டான். வேண்டாம், ராத்திரி பத்து மணிக்குள் துவைத்துவிடு என்று சொல்லிவிட்டு வந்தேன். தங்கச்சியிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அர்ச்சனைக்குக் காசு அனுப்பினவள் அவள்தான்.