உதிரிபாகத்துக்கு முன்பணம் கேட்டால் கவனம்: 48,000 ரூபாய் போய்விட்டது

நேற்று மாலை என் காரை இழுவை வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஓடாத காராக ஒர்க் ஷாப்பில் விட்டேன். மாதக்கணக்கில் காத்திருந்தும் ஓடாத காராகவே திரும்பியிருக்கிறது. இதற்கிடையில் என்னிடமிருந்து போனது 48,000 ரூபாய். சென்னைப் புறநகரில், எல்லா நிறுவனக் கார்களையும் பார்ப்பதாகச் சொல்லிக்கொள்ளும் பெரிய ஒர்க் ஷாப் அது.

2017இல் செவர்லே இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. 2021 செப்டம்பரில் ஃபோர்டு உற்பத்தி நிறுத்தத்தை அறிவித்தது. விற்பனையை விட்டுப் போன இப்படியொரு நிறுவனத்தின் ஆட்டோமேட்டிக் கார்தான் என்னுடையதும். பிரேக் பேட், ஃபில்டர் போன்றவற்றை வெளி உற்பத்தியாளர்களும் செய்வதால் அவை எங்கும் கிடைக்கின்றன. ஆனால் கியர் மாற்றத்தை இயக்கும் மின்னணு மாட்யூல் பழுதானால், அதை மூல நிறுவனத்தின் வழியாகத்தான் பெரும்பாலும் எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது. என் காரில் போனது அதுதான். அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தில் ஸ்டாக் இல்லை, எப்போது வரும் என்றும் சொல்ல முடியாது என்றார்கள். தாமதம் உண்மையானது என்பதே இந்த ஆட்களுக்கு வசதியாகப் போய்விடுகிறது.

அந்த ஒர்க் ஷாப் உரிமையாளர் என்னை உட்காரவைத்து, மடிக்கணினியை என் பக்கம் திருப்பி, வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரின் பக்கத்தைக் காட்டினார். என் காரின் சேசிஸ் எண்ணை அவரே உள்ளிட்டு, பாக எண் பொருந்துவதையும் ஸ்டாக் இருப்பதையும் விரல் வைத்துக் காட்டினார். “மத்தவங்க பழசைப் போட்டு அனுப்பிடுவாங்க சார், நம்மகிட்ட புதுசு மட்டும்தான், மூணு வாரத்துல வந்துடும்” என்றார். எத்தனையோ இடங்களில் கையை விரித்தபின் ஒருவர் இவ்வளவு விவரமாகப் பேசியதால் நம்பிக்கை பிறந்தது. அங்கேயே 48,000 ரூபாயை யுபிஐ மூலம் அனுப்பினேன். காருக்கான வேலை விவரம் எழுதும் ஜாப் கார்டின் ஓரத்தில் ‘பார்ட் அட்வான்ஸ்’ என்று பேனாவால் எழுதிக் கொடுத்தார். ஜிஎஸ்டி பில் பாகம் வந்ததும் தரப்படும் என்றார்.

அதன்பிறகு ஆரம்பித்தன பதில்கள். முதலில் கஸ்டம்ஸில் நிற்கிறது என்றார்கள். அடுத்து விற்பனையாளரின் நாட்டில் விடுமுறை என்றார்கள். ட்ராக்கிங் எண் கேட்டால், ஏஜென்ட் பெயரில் வருவதால் தங்களிடம் இல்லை என்றார்கள். உரிமையாளர் போனை எடுப்பதை நிறுத்திய பிறகு சூப்பர்வைசர் பேசினார், அவரும் “நாளைக்கு உறுதியா சொல்றேன் சார்” என்பதைத் தாண்டவில்லை. நேரில் போய்ப் பார்த்தபோது கார் வெட்டவெளியில் நின்றது. டயர்களில் காற்று இறங்கியிருந்தது, பேட்டரி செத்திருந்தது. மாட்யூலைக் கழற்றிய இடத்தை ஒரு பிளாஸ்டிக் பையால் மூடி, ரப்பர் பேண்ட் போட்டிருந்தார்கள்.

கடைசியில் பாகம் வந்துவிட்டது என்று அழைத்தார்கள். பெயரற்ற அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டிய மாட்யூலில் பாக எண் ஸ்டிக்கர் சுரண்டப்பட்டிருந்தது. அலுமினிய உறையில் மஞ்சள் பெயிண்டில் ஏதோ எண், போல்ட் துளைகளைச் சுற்றி ஸ்பானர் உரசிய தடம், கனெக்டருக்குள் எண்ணெய் படிந்த தூசி. எங்கோ உடைத்த காரிலிருந்து கழற்றியது என்பதில் சந்தேகமே இல்லை. கேட்டதும் “ரீகண்டிஷன் சார், புதுசுக்குச் சமம்” என்றார். பழைய பாகம்தான் வேண்டுமென்றால், பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் சென்னை புதுப்பேட்டைக்கு நானே போயிருப்பேனே. அந்த மாட்யூலையும் என் காருக்கு ஏற்ப புரோகிராம் செய்ய அவர்களால் முடியவில்லை; கார் கியருக்கே போகவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, சப்ளையருக்குக் கொடுத்தாயிற்று, திரும்ப வராது என்றார்கள். அதோடு, கார் இத்தனை நாள் நின்றதற்கு வாடகையும் கேட்டார்கள்! காவல் நிலையத்துக்குப் போவேன் என்ற பிறகே சாவி என் கைக்கு வந்தது. 48,000 ரூபாய் வரவில்லை.

எப்படித் தற்காத்துக்கொள்வது என்று விரிவாக எழுதவே உட்கார்ந்தேன். ஆத்திரத்தில் இவ்வளவுதான் வருகிறது. பாக எண்ணும் உங்கள் சேசிஸ் எண்ணும் குறிப்பிட்ட ஆர்டர் நகலைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். ‘புதியது’ என்பதை எழுத்தில் வாங்குங்கள். பாகம் கைக்கு வரும்வரை காரில் எதையும் கழற்ற விடாதீர்கள், கழற்றிய பழைய பாகத்தையும் விட்டுவராதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகாருக்குக் கட்டணம் இல்லை; இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். ஜாப் கார்டு, யுபிஐ விவரம், மாட்யூலின் படங்கள் எல்லாவற்றையும் சேர்த்து நான் தாக்கல் செய்யப்போகிறேன். இதே முறையில் பணம் இழந்தவர்கள் இருந்தால், உங்கள் ரசீதுகளை எறிந்துவிடாமல் எனக்குத் தெரிவியுங்கள்.