வடசென்னையில் புத்தக மதிப்புரை எழுதுபவரின் மேசை: பல ஆண்டுப் பயன்பாட்டில் நின்றதும் நிற்காததும்

புத்தக மதிப்புரை எழுதுகிறவர்களைப் பார்த்து எல்லோரும் கேட்பது, "இவ்வளவு எப்படிப் படிக்கிறீர்கள்?" என்றுதான். படிப்பது பெரிய பாடு இல்லை. ஆறு மாதம் கழித்து ஒரு வரியைத் தேடும்போது அது எந்தப் பக்கத்தில் இருந்தது, எந்தப் பதிப்பில் இருந்தது, ஆசிரியர் சொன்னதா நமக்குத் தோன்றியதா என்று கண்டுபிடிப்பதில்தான் பாடு. அதற்கென வைத்திருக்கும் பொருட்களை ராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான கடலோரம் தன் பங்குக்குச் சோதிக்கும். உப்புக் காற்று, மழைக்கால ஈரம், கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் கரும்புழுதி மூன்றையும் தாங்கிய பொருட்கள் எவை என்பதைப் பார்ப்போம்.

முதலிடம் துண்டுச்சீட்டுக்கு. ஏ4 தாளை நான்காக வெட்டினால் ஒவ்வொரு துண்டும் ஏறத்தாழ 10.5க்கு 15 சென்டிமீட்டர் வரும். டெமி அளவுப் புத்தகம் 14க்கு 21.5 சென்டிமீட்டர் என்பதால் சீட்டு உள்ளே அடங்கும், பக்க அடையாளமாகவும் உதவும். சீட்டின் தலையில் நூல், பதிப்பகம், பதிப்பு, ஆண்டு. அதன் கீழே ஒரு வரிக்கு ஒரு குறிப்பு: இடது ஓரம் பக்க எண், பிறகு மேற்கோளின் முதல் மூன்று சொல்லும் கடைசி மூன்று சொல்லும், பிறகு நம் கருத்து ஆறேழு சொல்லில். நம் கருத்தை மட்டும் கட்டம் போட்டு அடைக்க வேண்டும். இந்தக் கட்டம் இல்லாத சீட்டு ஒரு வருடத்தில் ஆபத்தானதாகிவிடும். ஆசிரியரின் வாக்கியத்தை நம்முடையதாக நினைத்து எழுதிவிடும் தவறு பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. மேற்கோளை முழுதாக எழுதக் கூடாது. எழுத ஆரம்பித்தால் வாசிப்பின் ஓட்டம் அறுந்து, நூறாவது பக்கத்துக்குள் குறிப்பெடுப்பதையே விட்டுவிடுவோம்.

200 பக்க நாவலுக்கு இரண்டு சீட்டு போதும். நான்கைத் தாண்டினால் தேர்ந்தெடுக்காமல் எல்லாவற்றையும் எழுதுகிறோம் என்று பொருள். படித்து முடித்த அன்றே சீட்டின் பின்புறம் மூன்று வாக்கியம் எழுதிவிடுவது நல்லது: புத்தகம் என்ன செய்ய முயல்கிறது, எங்கே தேறியது, எங்கே சரிந்தது. இந்த மூன்றும் இருந்தால் மதிப்புரை இரண்டு மணி நேர வேலை. இல்லையென்றால் புத்தகத்தைப் பாதி திரும்பப் படிக்க வேண்டியிருக்கும்.

எழுத பென்சில்தான். இன்றைய நூல்களின் வழவழப்பான வெள்ளை மேப்லித்தோ தாளுக்கு மென்மையான 2பி நன்றாகப் பதியும், அழித்தால் தடம் இருக்காது. பழைய நியூஸ்பிரிண்ட் தாளில் அதே 2பி கரியாகப் பரவும், அங்கே சற்றுக் கடினமான எச்பி. ஜெல் பேனா வியர்வைக் கைக்கு ஆகாது. ஒட்டுச்சீட்டுகள் பார்க்க அழகாக இருக்கின்றன, ஆனால் நீண்ட காலப் பயன்பாட்டில் தேறவில்லை. பசை மெல்லிய படலமாகத் தாளில் தங்கிப் புழுதியைப் பிடித்துக்கொள்கிறது. நாற்பது வருடப் பழைய தாளில் பிரித்தெடுக்கும்போது நாரும் சேர்ந்து வருகிறது. எழுதி முடிக்கும்வரை ஓரிரு வாரம் ஒட்டிவைத்து எடுத்துவிடுகிறவர்களுக்குப் பரவாயில்லை. பசையில்லாத சீட்டையும் அளவோடுதான் செருக வேண்டும். தைக்காமல் பசையால் மட்டும் ஒட்டிய புத்தகத்தில் பத்துப் பன்னிரண்டு சீட்டு ஒரே இடத்தில் திணித்தால் முதுகு பிளந்து தாள் கையோடு வந்துவிடும்.

பதிப்பு விவரப் பக்கத்தைப் படிப்பது தனிப் பழக்கம். தமிழ் நூல்களில் "இரண்டாம் பதிப்பு" என்று போட்டிருப்பது பல நேரம் வெறும் மறு அச்சுதான். புது முன்னுரையோ திருத்தக் குறிப்போ இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். அச்சுக்கோப்பு மாறிய பதிப்பில் பக்க எண்களும் மாறும், அதனால் ஆண்டு எழுதாத பக்க எண்ணால் பயனில்லை. திருவள்ளுவர் ஆண்டு மட்டும் போட்டிருந்தால் 31ஐக் கழிக்க வேண்டும்: 2051 என்றால் 2020. பிரபவ, விபவ என்று வருடப் பெயர் மட்டும் உள்ள பழைய நூல்களில் அறுபது வருடச் சுழற்சி என்பதை மறக்கக் கூடாது. பிரபவ 1927ஆகவும் இருக்கலாம், 1987ஆகவும் இருக்கலாம். அச்சகத்தின் பெயரும் விலையும்தான் அங்கே வழிகாட்டும். மொழிபெயர்ப்பு நூல் என்றால் மொழிபெயர்ப்பாளர் பெயர் சீட்டின் முதல் வரியிலேயே ஏற வேண்டும். தமிழ் மதிப்புரைகளில் அதிகம் விடுபடுவது அந்தப் பெயர்தான், விடவே கூடாததும் அதுதான்.

பயணத்தில் படிப்பதற்கு எடை முக்கியம். 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம்) தாளில் 200 பக்க டெமி புத்தகம் அட்டையோடு கால் கிலோவுக்குள் அடங்கும். 600 பக்கம் முக்கால் கிலோவை நெருங்கும். கும்மிடிப்பூண்டி மார்க்க மின்சார ரயிலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு முக்கால் கிலோவைத் தாங்கவும் முடியாது, குறிப்பெடுக்கவும் முடியாது. அங்கே மின்வாசிப்பான் தேறுகிறது. கிண்டிலில் கோடிட்ட வரிகளெல்லாம் ஒரே எழுத்துக் கோப்பில் சேரும், கணினியில் செருகி அப்படியே நகலெடுக்கலாம். கவனிக்க வேண்டியவை இரண்டு. கோடிடும் அளவுக்குப் பதிப்பகம் வரம்பு வைத்திருந்தால், வரம்பு தாண்டிய வரி கோப்பில் பதியாது, எச்சரிக்கை வாசகம்தான் இருக்கும். அச்சுப் பக்க எண்ணுக்குப் பதில் கிண்டில் தானே போடும் இட எண் (லொகேஷன்) மட்டும் கிடைத்தால் அதிகாரப் பெயரையும் சேர்த்துக் குறிக்க வேண்டும், இல்லாவிட்டால் அச்சுநூல் வைத்திருப்பவருக்கு நம் மேற்கோள் அகப்படாது. ஆறு அங்குலத் திரையில் ஸ்கேன் செய்த பிடிஎஃப் படிக்கிறவர்கள் ஓரவெள்ளையை வெட்டிவிட்டால் டெமி நூலைச் சிரமமில்லாமல் படிக்கலாம். இரண்டு பத்தியில் அச்சான பழைய இதழ்களுக்கு அது ஆகாது. சார்ஜ் துளைக்கு ரப்பர் மூடி போட வேண்டும். கடற்காற்றில் உலோக முனைகளில் பச்சை படரும்.

இனி தட்டச்சு. மதிப்புரைகளின் தரம் சத்தமில்லாமல் கெடுவது இங்கேதான். ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கும் ஒலிபெயர்ப்பு முறையில் ன, ண, ந, ல, ள, ழ, ர, ற குழப்பம் ஓயாது. கைபேசி விசைப்பலகை நாம் நினைத்த சொல்லை விட்டு அதிகம் புழங்கும் சொல்லைப் போட்டுவிடும். மேற்கோளில் அப்படி ஒரு சொல் மாறினால் ஆசிரியர் எழுதாததை எழுதியதாகச் சொன்னவர்கள் ஆவோம். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டையொட்டித் தமிழக அரசு தரப்படுத்திய தமிழ்99 விசைப்பலகைக்கு மாறுவது முதல் சில வாரம் கடினம், அதற்குப் பிறகு திரும்பிப் போக மனம் வராது. உயிரெழுத்து இடது கை, மெய் பெரும்பாலும் வலது கை. ஒரே எழுத்தை இரண்டு முறை அடித்தால் முதல் எழுத்துக்குத் தானே புள்ளி விழும். ங-க, ஞ-ச, ந-த, ம-ப போன்ற இணைகளுக்கும் அப்படியே. "அம்மா" நான்கே தட்டு. "நாடகக் குழு" என்று அடிக்கும்போது மட்டும் கவனம் வேண்டும்: இரண்டு க-வும் சேர்ந்து "க்க" ஆகிவிடாமல் இருக்க முதல் க-வுக்குப் பின் அ-வை ஒருமுறை தட்ட வேண்டும்.

படத்திலிருந்து எழுத்தை எடுக்கும் செயலிகள், கூகுள் லென்ஸ் உட்பட, நீண்ட மேற்கோளுக்கு உதவுகின்றன. பத்து வரிக்குக் குறைவென்றால் கையால் அடிப்பதே வேகம், ஏனென்றால் திருத்தும் நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பக்கத்தைக் கண்ணாடித் துண்டாலோ இரும்பு ஸ்கேலாலோ தட்டையாக அழுத்தி, சன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி, நேர் மேலிருந்து எடுக்க வேண்டும். 12 மெகாபிக்சல் கேமரா டெமி பக்கத்துக்குத் தாராளம். அதிகம் தடுமாறுவது ர-வும் துணைக்காலும். பல அச்செழுத்துகளில் இரண்டுக்கும் உருவம் கிட்டத்தட்ட ஒன்று. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் ணை, லை, ளை, னை பழைய வளைந்த வடிவில் இருப்பதால் அங்கே பிழை மலியும். நாட்டுடைமை நூல்கள், பழைய இலக்கியம் என்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும், 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டத்திலும் முதலில் தேடிப் பார்க்கலாம். மதுரைத் திட்டத்தில் தட்டச்சு செய்த பாடமே கிடைக்கும். எடுத்த பிறகு அச்சுநூலோடு ஒப்பிட்டே ஆக வேண்டும்.

இன்னொரு மறைவான சிக்கல் உண்டு. கணினிகள் எழுத்துகளைச் சேமிக்கும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் "கொ" என்பதை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என்று பிரித்தும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றேதான், சில மென்பொருள்களில் தேடினால் பாதி குறிப்புகள் அகப்படாது. "ஔவை" என்பதை ஒ, ள என்று இரண்டு எழுத்தாக அடித்தாலும் இதே கதை. விரிதாளில் நூல்பட்டியல் வைத்திருப்பவர்கள் வருடம் ஒருமுறை தேடி மாற்றி எல்லாவற்றையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவருவது நல்லது. பட்டியலில் கடைசி நெடுவரிசை, புத்தகம் எப்படி வந்தது என்பதற்கு: விலைக்கு, நூலகம், இரவல், பதிப்பகம் அனுப்பியது. இலவசப் பிரதி என்றால் மதிப்புரையின் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். இந்திய விளம்பரத் தர மன்றத்தின் 2021 நெறிமுறைகள் இலவசமாகப் பெற்ற பொருளையும் வெளிப்படுத்த வேண்டிய தொடர்பாகவே கருதுகின்றன. அதைவிட, காசு கொடுத்து வாங்கப்போகிற வாசகருக்கு அது தெரிந்தாக வேண்டும். 1957 காப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு விமர்சனத்துக்கான நியாயமான மேற்கோளை அனுமதிக்கிறது. முழு அத்தியாயத்தைப் படமெடுத்துப் போடுவது அதில் அடங்காது.

அடுக்கி வைப்பதில் ஊரின் பங்கு அதிகம். காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டி அப்படியே நின்றால் பூஞ்சைக்கு வழி திறக்கும், நம் பகுதியில் அது வருடத்தின் பெரும்பகுதி. ஈரமானி ஒன்று சில நூறு ரூபாயில் கிடைக்கும், வாங்கிவிடலாம். அலமாரிக்கும் சுவருக்கும் நான்கு விரல் இடைவெளி வேண்டும், கடல் பக்கச் சுவரில் சாய்க்கவே வேண்டாம். புத்தகங்களை இறுக்கி அடுக்கினால் காற்று புகாது, எடுக்கும்போது முதுகின் மேல்முனையும் கிழியும். இரும்பு பீரோவில் வைப்பவர்கள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போடலாம். நீல நிற வகையில் உடலுக்குக் கெடுதலான கோபால்ட் உப்பு இருப்பதால் ஆரஞ்சு வகை நல்லது, ஈரத்தைப் போக்க எதையும் சமையல் பாத்திரத்தில் வறுக்க வேண்டாம். பாச்சை உருண்டை இராமபாணப் பூச்சியை விரட்டும், பூஞ்சையை ஒன்றும் செய்யாது, படுக்கையறையில் வைக்கவும் கூடாது. மைதாப் பசையில் கட்டிய பழைய பைண்டிங் என்றால் இராமபாணம் தேடி வரும். உள்ளூர் பைண்டரிடம் கொடுக்கும்போது பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) சேர்க்கச் சொல்வது பழைய வழக்கம், இன்றும் பலன் தருவது. பின் அடித்த சிற்றிதழ்களில் கம்பி துருப்பிடித்து நடுத்தாளைத் தின்றுவிடும். கம்பியைப் பிடுங்கிப் பருத்தி நூலால் மூன்று துளைத் தையல் போட்டுவிடுங்கள். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளே பூட்டும், காக்கி உறையே போதும்.

மேல்விளிம்பில் படியும் கரிப்புழுதியை, புத்தகத்தை மூடி இறுக்கிப் பிடித்து, இரண்டு அங்குலப் பெயின்ட் பிரஷ்ஷால் முதுகிலிருந்து வெளிநோக்கித் தட்ட வேண்டும். ஈரத்துணி பட்டால் கறையாகப் படியும்.

கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, தண்டையார்பேட்டைத் தரைத்தள வீடுகளில் அடித்தட்டை முழங்காலுக்கு மேலே வைப்பதுதான் காப்பீடு. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் எண்ணூர்ப் பக்கம் நீரோடு எண்ணெயும் வந்தது. எண்ணெய் ஏறிய தாளை வீட்டு முறையில் மீட்க முடியாது. நல்ல நீரில் நனைந்தவற்றுக்கு 48 மணி நேரம்தான் கெடு. பளபளப்புப் பூச்சுள்ள ஆர்ட் பேப்பர் நூலை ஈரம் காயுமுன் தாள் தாளாகப் பிரித்துவிட வேண்டும், காய்ந்தால் கட்டியாகிவிடும். மற்றவற்றை இருபது தாளுக்கு ஒரு உறிஞ்சுதாள் வைத்து மின்விசிறிக் காற்றில் நிறுத்துங்கள். வெயில் வேண்டாம், தாள் வளையும். எண்ணிக்கை அதிகமென்றால் பிளாஸ்டிக் பையில் சுற்றி உறைபெட்டியில் வைத்துவிட்டு, மின்சாரம் சீரான பிறகு இரண்டிரண்டாக எடுத்துக் காயவைக்கலாம்.

பழைய புத்தகம் வாங்குவதில் ஒரு சோதனை தவறக் கூடாது. 1985இல் மூர் மார்க்கெட் எரிந்தபின் சென்ட்ரல் பக்கத்து அல்லிக்குளம் வளாகத்துக்குப் பெயர்ந்த கடைகளாகட்டும், ஜனவரிப் புத்தகக் காட்சியின் புது நூலாகட்டும், 16, 32, 48 என்று பதினாறின் மடங்குகளில் பக்க எண் தொடர்கிறதா என்று புரட்டிப் பாருங்கள். அச்சில் பெரும்பாலும் பதினாறு பக்கம் ஒரு பாரம்; ஒரு பாரம் விட்டுப்போவதும் ஒன்றே இருமுறை சேர்வதும் புது நூல்களிலும் நடக்கிறது. புது நூலென்றால் ரசீதோடு போனால் மாற்றித் தருவார்கள். பழைய நூலென்றால் விட்டுப்போன பக்கங்களைச் சீட்டின் தலையில் எழுதிவிட்டு, கன்னிமாரா நூலகப் பிரதியோடு ஒப்பிட்டுப் படித்த பிறகே மதிப்புரையைத் தொடங்க வேண்டும்.