கட்டாரியா, ஜூலு ஈட்டியா? டர்பனில் பழைய ஆயுதங்களைச் சேகரிக்கத் தொடங்குவோருக்கு ஓர் ஒப்பீடு

டர்பனிலோ பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலோ வாழும் தமிழர் ஒருவர் பழைய வாள், குத்துவாள், கேடயம் ஆகியவற்றைச் சேகரிக்க விரும்பினால், அவர் முன் பெரும்பாலும் மூன்று வகைப் பொருள்கள் வந்து நிற்கின்றன. முதலாவது, குறுக்குப் பிடி கொண்ட குத்துவாளான தென்னிந்தியக் கட்டாரி. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளரோடு ‘ட்ரூரோ’ கப்பல் இந்தக் கரையை அடைந்ததற்கு முந்திய நம் வரலாற்றோடு, விசயநகரத்தோடும் தஞ்சையோடும், நம்மை இணைப்பது அது என்பதால் மனம் இயல்பாகவே அதன் பக்கம் சாய்கிறது. இரண்டாவது, ஜூலு மக்களின் குத்தீட்டியும் மாட்டுத்தோல் கேடயமும். மூன்றாவது, நேட்டால் குடியேற்றக் காலத்தில் ஆங்கிலேய அதிகாரிகள் இடுப்பில் அணிந்த வாள். இவற்றுள் ஜூலு ஈட்டியையே முதலில் வாங்க வேண்டும், கட்டாரியை அதன் பின்னரே தேட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. விலையை வைத்தோ பாரம்பரியப் பற்றை வைத்தோ நான் இதைச் சொல்லவில்லை. அசலையும் போலியையும் பிரித்தறியும் கண்ணை எந்தப் பொருள் நம் ஊரிலேயே பயிற்றுவிக்கும் என்பதையே அளவுகோலாகக் கொண்டிருக்கிறேன்.

ஆங்கிலேய வாளை விரைவில் கடந்துவிடலாம். அதன் அலகில் அரசியின் பெயரெழுத்துச் சின்னமும் செய்தவரின் பெயரும் அரித்துப் பொறிக்கப்பட்டிருக்கும். வில்கின்சன் நிறுவனத்தின் வாள்களில் 1850களின் நடுப்பகுதியிலிருந்து அலகின் முதுகில் வரிசை எண் உண்டு; அந்த நிறுவனத்தின் பழைய பதிவேடுகள் எஞ்சியிருப்பதால், எண்ணைக் கொண்டே வாள் செய்யப்பட்ட காலத்தைக் கண்டுகொள்ளலாம். ஆகவே வாங்குபவருக்கு ஏமாற்றம் குறைவு, ஆனால் கற்பதும் குறைவு. எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிந்தால் போதும் என்ற நிலையில், இரும்பையும் மரத்தையும் தோலையும் பார்த்து அறியும் பழக்கம் வளர்வதில்லை.

கட்டாரியோ கற்றுத்தருவதற்கு மிகுதியாக உடையது. இரு பக்கச் சட்டங்களுக்கு நடுவே குறுக்காக அமைந்த பிடியை முட்டிக்குள் பற்றும்போது, அலகு முன்கையின் நேர்கோட்டிலேயே நீண்டு, குத்தின் முழு விசையையும் முனைக்குக் கொண்டுசெல்கிறது. இந்த அடிப்படை எல்லாக் கட்டாரிகளுக்கும் பொது என்றாலும், தெற்கும் வடக்கும் இதை வெவ்வேறு வகையில் வளர்த்தெடுத்தன. விசயநகர, தஞ்சைக் கட்டாரிகளில் புறங்கையை மூடும் இரும்புத் தகடு ஒன்று இலை வடிவில் விரிந்திருக்கும். அதில் துளையிட்ட வேலைப்பாடும் ஓரங்களில் யாளி முகங்களும் காணப்படும். வடநாட்டுக் கட்டாரியில் பொதுவாக இந்தத் தகடு இல்லை. அங்கே கைவினைஞரின் கவனம் அலகின் முனைமேல் சென்றது. சங்கிலிக் கவசத்தின் வளையங்களைப் பிளக்கும் வகையில் அம்முனை தடித்து அமைந்தது. பொன்தகட்டு வேலை மிகுந்திருப்பதும் பெரும்பாலும் வடநாட்டுப் பொருள்களிலேயே.

தொடக்கநிலைச் சேகரிப்பாளரைக் குழப்பும் செய்தி ஒன்று இங்கே உண்டு. தென்னாட்டுக் கட்டாரிகள் பலவற்றின் அலகு ஐரோப்பாவில் செய்யப்பட்டது. போர்த்துக்கீசிய வணிகம் தொடங்கிய பின் கடல்வழியாக வந்த வாள் அலகுகளைக் குறுக்கி, கைப்பிடியிலிருந்து நீளும் பட்டைகளுக்கு நடுவே வைத்துத் தறையாணி அடித்து இணைத்தார்கள். எனவே நீண்ட பள்ளக் கோடுகள் ஓடும் ஐரோப்பிய அலகைத் தெற்கத்திய பிடியில் கண்டால், அதைப் பிற்காலத்தில் ஒட்டுப்போட்ட பொருள் என்று ஒதுக்கிவிடக் கூடாது. பெரும்பாலும் அது பழமைக்குச் சாதகமான சான்றே. தறையாணிகளின் தலை தேய்ந்து பட்டையோடு சமமாகியிருக்கிறதா, பட்டைக்கும் அலகுக்கும் நடுவே பழைய துரு இறுகியிருக்கிறதா என்பவற்றையே பார்க்க வேண்டும். தஞ்சை அரண்மனையின் ஆயுதச் சாலை 19ஆம் நூற்றாண்டில் கலைக்கப்பட்டபோது பெரும்பகுதி பழைய இரும்பாகவே உடைத்து விற்கப்பட்டது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு வலிக்கிறது. அதிலிருந்து தேர்ந்தெடுத்துக் காப்பாற்றப்பட்டவற்றைச் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் காணலாம். ஊருக்குச் செல்லும் நம்மவர்கள் துணிக்கடைகளுக்கு ஒதுக்கும் நேரத்தில் ஒரு பகுதியையாவது அதற்கு ஒதுக்க வேண்டும்.

ஆனால் டர்பனில் விற்பனைக்கு வரும் கட்டாரிகளில் பழையவை அரிது. இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம், நூறாண்டு கடந்த கலைப்பொருள்களைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே கொண்டுசெல்வதைத் தடைசெய்கிறது. ஆகவே சட்டப்படி நம் கைக்கு வரக்கூடிய பழைய கட்டாரி, அச்சட்டத்துக்கு முன்பே வெளியேறி, பிரிட்டனிலோ இங்கேயோ ஒரு குடும்பத்தின் பெட்டியில் கிடந்ததாக இருக்க வேண்டும். மற்றவை ராஜஸ்தானத்துப் பட்டறைகளிலிருந்து வரும் புதுப்பொருள்கள். வார்ப்புப் பித்தளைப் பிடியும், அமிலத்தால் மேற்பரப்பில் மட்டும் வரைந்த அலை வரிகளும் அவற்றைக் காட்டிக்கொடுக்கும். தமிழகத்தின் மேல்சிறுவளூரிலும் கொடுமணலிலும் தொல்லியல் ஆய்வுகள் வெளிப்படுத்திய உருக்கு மரபின் உண்மையான எஃகில், வரிகள் உலோகத்தின் உள்ளேயே இருப்பவை. மேற்பரப்பைத் தேய்த்தாலும், முறைப்படி அரிக்கும்போது அவை மீண்டும் எழும். பிடியை அழுத்தினால் மூன்றாக விரியும் கத்தரிக்கோல் கட்டாரியைப் பெருவிலை கொடுத்து வாங்குபவர்கள் உண்டு. அது பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் காட்சிப்பொருள், போருக்கு உதவாதது. அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இதற்கு எதிரே ஜூலு ஈட்டியை வைத்துப் பார்ப்போம். குத்துவதற்கான இக்ல்வாவுக்கு அகன்று நீண்ட அலகும் குட்டையான காம்பும் உண்டு. எறிவதற்கான இசிஜூலாவுக்குச் சிறிய அலகும், அதன் கீழே நீண்ட இரும்புத் தண்டும், நெடிய காம்பும் உண்டு. இரண்டிலும் சேகரிப்பாளர் முதலில் பார்க்க வேண்டிய இடம் அலகன்று, இரும்பும் மரமும் சேரும் கழுத்து. பழைய முறையில் இரும்பின் வாலைக் காய்ச்சி மரத்துக்குள் எரித்துச் செலுத்தி, தாவரப் பிசின் இட்டு, மேலே நார்ப் பின்னலோ ஈரத்தோலோ சுற்றினார்கள். தோல் உலரும்போது சுருங்கி மூட்டை இறுக்கிப் பிடித்தது. அத்தகைய மூட்டில் தோல் கறுத்து, மரத்தோடு ஒன்றிப்போயிருக்கும். புதியவற்றிலோ எஃகுத் தகட்டிலிருந்து வெட்டிய அலகை இரும்புக் கம்பியில் பற்றவைத்து, வெல்டிங் தழும்பை மறைக்கத் தோலைச் சுற்றுகிறார்கள். அலகின் தடிமனும் ஒரு சான்று: சம்மட்டியால் அடித்த அலகு நடுவில் தடித்து ஓரத்தில் மெலியும், இரு பக்கமும் முற்றிலும் ஒத்திராது, தகட்டு அலகு எங்கும் ஒரே தடிமனாயிருந்து, விளிம்பில் மட்டும் சாணைச் சக்கரத்தின் கோடுகளைக் காட்டும்.

இந்தச் சான்றுகளை நாம் புத்தகத்தில் மட்டும் படிக்க வேண்டியதில்லை என்பதே இதன் பெரும்பயன். டால்டன் சாலைச் சந்தையில் விழாக்களுக்கான கேடயங்களையும் ஈட்டிகளையும் செய்து விற்பவர்களிடம் நின்று, எதை எப்படி இணைக்கிறார்கள் என்று மரியாதையோடு கேட்டால் சொல்லித்தருவார்கள். அங்கே இன்றைய முறையைக் கண்ட கண்ணோடு எஷோவேயின் நொங்காயி கோட்டை அருங்காட்சியகத்துக்கும் டண்டீ நகரின் தலானா அருங்காட்சியகத்துக்கும் சென்றால், பழையதும் புதியதும் எங்கே பிரிகின்றன என்பது தானே விளங்கும். கட்டாரிக்கு இத்தகைய பள்ளி டர்பனில் இல்லை.

ஈட்டியில் ஏமாற்றம் வேறு வடிவில் வரும். பொருள் உண்மையாகவே பழையதாயிருக்கும். அதோடு சேர்த்து விற்கப்படும் கதை பொய்யாயிருக்கும். 1879 ஜனவரி 22 அன்று ஜூலு படை ஆங்கிலேயரை வென்ற இசாண்டில்வானா போரில் கிடைத்தது என்று ஒரு சொல் சேர்ந்தால் விலை பலமடங்கு ஏறுகிறது. அப்போருக்குப் பின்னும் 1906ஆம் ஆண்டு ஜூலு மக்களின் பம்பாதா கிளர்ச்சியின் போதும் ஆயுதங்கள் கைப்பற்றப்பட்டதுண்டு. போர்க்களத்தைக் காணாமல் ஒரு வீட்டுக் கூரையிலேயே இருந்துவிட்டவையும் உண்டு. பழைய சீட்டோ கடிதமோ குடும்பப் பதிவோ இல்லாதவரை அந்தக் கதைக்கு ஒரு ரேண்டும் கூடுதலாகக் கொடுக்கக் கூடாது.

கேடயத்தில் ஒப்பீடு இன்னும் கூர்மையாகிறது. இந்தியக் கேடயம் வட்டமானது, குவிந்தது. முகப்பில் தெரியும் நான்கு குமிழ்கள் வெறும் அணியல்ல, பின்புறப் பிடிகளைத் தாங்கும் ஆணிகளின் தலைகளை மூடுபவை. அது இரும்பிலோ எருமைத்தோலிலோ காண்டாமிருகத் தோலிலோ ஆனது. ஜூலு கேடயம் நீள்வட்டமான மாட்டுத்தோல். நடுவே இரு வரிசைப் பிளவுகளில் வேறு நிறத் தோல்வார்களைக் கோத்து, பின்புறம் ஒரு நெடுங்கழியைச் செருகியிருப்பார்கள். ஏறத்தாழ ஆளுயரத்தை எட்டும் இசிஹ்லாங்குவும், 1850களில் ஜூலு இளவரசர் செட்ஷ்வாயோ காலத்தில் பரவிய சிறிய உம்பும்புலூசோவும் போர்க்கேடயங்கள். அவை தனிமனிதரின் உடைமையாக இராமல் மன்னரின் படைக்குடியிருப்புகளில் காக்கப்பட்டவை. தோலின் நிறம் படைப்பிரிவைக் காட்டியது. ஆடலுக்கான சிறு கேடயங்கள் இன்றும் செய்யப்படுவதால், அளவையும் கோத்த வார்களின் நெருக்கத்தையும் கழியின் தேய்மானத்தையும் சேர்த்தே முடிவுசெய்ய வேண்டும். காண்டாமிருகத் தோல் கேடயத்தை, எவ்வளவு அழகாயிருந்தாலும், பன்னாட்டு அனுமதித் தாள் இன்றி எல்லை தாண்டிக் கொண்டுவர முயலக் கூடாது. இந்நாட்டில் அந்த விலங்குக்கு நேரும் கொடுமையை அறிந்தவர்களுக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

நம் கோயில்களின் வேல்களையும் மதுரைவீரன் வாளையும் இந்த ஒப்பீட்டில் நான் சேர்க்கவில்லை. அவை வழிபாட்டுக்குரியவை, பலவும் கூர்தீட்டாத பித்தளையில் செய்யப்பட்டவை. ஒரு கோயில் தன் பழைய ஆயுதத்தை மாற்றும்போது அது கடைக்கு வந்தால், வாங்கிச் சுவரில் மாட்டுவதைவிட அக்கோயிலின் நிருவாகத்தினரிடமே பேசி, அங்கேயே காக்கச் செய்வது முறையானது.

பராமரிப்பிலும் இரும்பே இந்தக் கடற்கரைக்கு எளிது. டர்பனின் ஈரக்காற்றில் தோல் கேடயத்தை வண்டு அரிக்கும், பூஞ்சை பிடிக்கும். ஈட்டிக்கும் கட்டாரிக்கும் மெல்லிய மெழுகுப் பூச்சு போதும். குத்துவிளக்கைத் துலக்கும் பழக்கத்தில் புளியை எடுத்துப் பழைய இரும்பைத் தேய்த்தால், பழமையை மெய்ப்பிக்கும் கருமை நிறம் போய்விடும். தேங்காய் எண்ணெயும் நாளடைவில் பிசுக்காகி அழுக்கைச் சேர்க்கும். வீட்டில் வைத்திருப்பதைப் பொறுத்தவரை, தென்னாப்பிரிக்காவின் 2013ஆம் ஆண்டு ஆபத்தான ஆயுதங்கள் சட்டம் முறையான சேகரிப்புக்கும் சமய, பண்பாட்டு நிகழ்ச்சிகளுக்கும் விலக்கு அளிக்கிறது. அந்த விலக்கு, காரணமின்றிப் பொது இடத்தில் ஆயுதத்தோடு நடப்பவருக்குப் பொருந்தாது.

ஈட்டிகளில் கண் தேறிய பின், கட்டாரிக்குத் திரும்பலாம். அப்போது, வெளியேறிய காலத்தைக் காட்டும் தாள்களோடு ஏலத்துக்கு வரும் பொருள்களுள், பொன்வேலை மின்னும் முழுமையான வடநாட்டுக் கட்டாரி ஒன்றும், மேல்தகடு சற்று உடைந்து தறையாணிகள் தேய்ந்த தென்னாட்டுக் கட்டாரி ஒன்றும் ஒரே விலையில் கிடைத்தால், நான் தயங்காமல் இரண்டாவதையே எடுப்பேன். பிற்காலத்தில் மெருகேற்றப்படாத அதன் மூட்டுகளில், அது எவ்வாறு செய்யப்பட்டது என்பதைப் படித்தறிய முடியும்.