எழுத்து சின்னதாகத் தெரிகிறது என்றால் கிராஃபிக்ஸ் கார்டு விற்கப் பார்ப்பார்கள், உஷார்

மெய்ப்புத் திருத்துவதுதான் என் வேலை, நாள் முழுக்கத் திரையில்தான் கண். பழைய 24 அங்குல மானிட்டர் (1920×1080 பிக்சல், அதாவது திரையின் புள்ளிகள்) மங்கிப்போனதால் 27 அங்குல 4கே (3840×2160) ஒன்று வாங்கினேன். திரை பெரிது, அதனால் எழுத்தும் பெரிதாகத் தெரியும் என்று விற்றவர் அடித்துச் சொன்னார், நானும் நம்பினேன்.

மாட்டிக் கொடுக்க வந்தவர் விண்டோஸில் ஸ்கேல் (எழுத்தையும் மற்றதையும் எத்தனை சதவீத அளவில் காட்டுவது என்ற அமைப்பு) என்ற இடத்தில் 150 என்று இருந்ததை 100 ஆக்கினார். முழு ரெசல்யூஷன், அதாவது திரையின் எல்லாப் பிக்சலும், வேண்டுமானால் இதுதான் சரி என்றார். அவர் போனதும் வேர்டைத் திறந்தால் எறும்பு வரிசை போல எழுத்து. சந்தேகம் வந்து ஒரு ஏ4 தாளைத் திரைமேல் வைத்துப் பார்த்தேன். ஜூம் 100 சதவீதத்தில் பக்கத்தின் அகலம் பழைய மானிட்டரில் கிட்டத்தட்ட 22 செ.மீ. இருந்திருக்கும், இதில் பன்னிரண்டரைகூட இல்லை.

காரணம் எனக்குப் பிறகுதான் புரிந்தது. 12 பாயின்ட் எழுத்து என்றால் விண்டோஸுக்கு 16 பிக்சல், திரை எதுவானாலும் 100 சதவீதத்தில் அது மாறாது. பழையதில் ஓர் அங்குலத்துக்குள் ஏறக்குறைய 92 பிக்சல், புதியதில் 163. அதே 16 பிக்சல் இங்கே குறுகிய இடத்தில் அடங்கிவிடுகிறது, அவ்வளவுதான்.

மறுபடி கூப்பிட்டேன். வந்தவர் ரெசல்யூஷனை 2560×1440க்கு இறக்கிவிட்டு, வந்ததற்குத் தனியாகப் பணம் வாங்கிக்கொண்டு போனார். எழுத்து பெரிதானது, ஆனால் ஓரமெல்லாம் கசிந்த மாதிரி. எல்சிடி திரையில் பிக்சல்களின் எண்ணிக்கை தயாரிக்கும்போதே முடிவாகிவிடும், 2560ஐ 3840 புள்ளிகளில் பரப்பச் சொன்னால் ஒன்றுக்கு ஒன்றரை என்று வரும், அரைப் புள்ளி என்று ஒன்று கிடையாதே, பக்கத்துப் புள்ளிகளில் கலந்துதான் காட்டும். ஆங்கிலத்துக்கு அது எப்படியோ, தமிழில் முதலில் அடிபடுவது மெய்யெழுத்தின் புள்ளிதான். 'வேண்டும்' என்ற சொல் 'வேணடும்' என்று அச்சாகி வந்தது, நான் பார்த்துச் சரி என்று அனுப்பிய பக்கம் அது. மூன்று வாரம் தலைவலி வேறு. கண்ணில்தான் கோளாறோ என்று பயந்தேன்.

மூன்றாவது முறை கேட்டபோது, உங்கள் கணினிக்குச் சக்தி போதாது, கிராஃபிக்ஸ் கார்டு (திரைக்குப் படத்தை அனுப்பும் பாகம்) மாற்றினால்தான் எழுத்து தெளியும் என்றார். வாங்கினேன். மாட்டியும் ஒரு மாற்றமும் இல்லை. இருக்கவும் முடியாது, ஏனென்றால் பழைய கார்டிலேயே 3840×2160 ஒழுங்காக வந்துகொண்டிருந்தது!

கடைசியில் நானே டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து, டிஸ்ப்ளே செட்டிங்ஸ் போய், ரெசல்யூஷனை 3840×2160க்கே ஏற்றினேன், ஸ்கேலை 175 ஆக்கினேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. தாளை மறுபடி வைத்தேன், பக்கம் 22 செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவு, பழைய மானிட்டர் அளவேதான். புள்ளிகள் ஊசிமுனை போல நிற்கின்றன. பழைய மென்பொருள் ஒன்று மட்டும் இன்னும் மங்கலாகத் திறந்தது. அதன் ப்ராப்பர்டீஸில் கம்பாட்டிபிலிட்டி பகுதிக்குள் ஹை டிபிஐ (பிக்சல் நெருக்கமான திரைகளுக்கான) அமைப்பை மாற்றியதும் அதுவும் தெளிந்தது.

கார்டைத் திருப்பி எடுக்கச் சொன்னேன், பெட்டி பிரித்தாகிவிட்டது என்று மறுத்துவிட்டார்கள். உங்கள் வீட்டிலோ அலுவலகத்திலோ யாராவது எழுத்தைப் பெரிதாக்க ரெசல்யூஷனைக் குறைக்க வந்தால் அங்கேயே தடுத்துவிடுங்கள், மெனுவில் 'ரெகமெண்டட்' என்று இருப்பதில் ரெசல்யூஷனை வைத்துவிட்டு ஸ்கேலை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். அதற்கும் மசியாமல் கார்டு வாங்கச் சொன்னால், இப்போது என்ன ரெசல்யூஷன் ஓடுகிறது என்று அவரையே படித்துக் காட்டச் சொல்லுங்கள்.