ஈயம் இல்லாத மஞ்சள்: பிஸ்மத் வனடேட்டா, நிக்கல் டைட்டனேட்டா?

பிளாஸ்டிக்கில் பளிச்சென்ற மஞ்சளுக்கு நெடுங்காலம் ஈயக் குரோமேட்டும் காட்மியம் சல்பைடும்தான். இரண்டும் அவற்றை எடைபோட்டுக் கலக்கும் தொழிலாளியின் உடலில் சேரும் நஞ்சு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015 மே 21க்குப் பின் ஈயக் குரோமேட்டுக்குத் தனி அனுமதி வேண்டும். இப்போது அந்த இடத்துக்கு முக்கியமாக இரண்டு போட்டியாளர்கள்: பிஸ்மத் வனடேட், நிக்கல் டைட்டனேட். கலர் கார்டைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். எந்த ரெசின் (நிறமேற்றும் பிளாஸ்டிக்), அதை உருக்குவது எத்தனை டிகிரி செல்சியஸில் என்பதே முதல் கேள்வி.

நிறத்தில் வெல்வது பிஸ்மத் வனடேட். தூய எலுமிச்சை மஞ்சள், நல்ல மறைப்புத் திறன். ஆனால் உறையில்லாத வகை 200-220 டிகிரியிலேயே தடுமாறும். சிலிக்கா உறையிட்டது 260-280 வரை போகும். அந்த உறைதான் இதன் பலவீனமும். ட்வின் ஸ்க்ரூவில் (இரட்டைத் திருகால் பிளாஸ்டிக்கை உருக்கிக் கலக்கும் இயந்திரம்) பிக்மென்ட்டை, அதாவது நிறப்பொடியை, முதல் ஹாப்பரிலேயே கொட்டினால், ரெசின் உருகுமுன் ஏற்படும் கடும் உரசலில் உறை உடைகிறது, நிறம் அழுக்காகிறது. ரெசின் உருகியபின், இயந்திரத்தின் நடுவில் பக்கவாட்டில் ஊட்டும் சைடு ஃபீடரில் விடுங்கள். நைலானில் இதைத் தவிர்ப்பதே நல்லது. அந்த உருகலின் ஒடுக்கும் தன்மை வனடேட்டைக் கருக்கச் செய்யும்.

நிக்கல் டைட்டனேட் 1000 டிகிரி சுற்றுவட்டாரத்தில் சுட்டெடுத்த ரூட்டைல் படிகம். நிக்கலும் ஆன்டிமனியும் படிகக் கூட்டுக்குள் பூட்டப்பட்டிருப்பதால் எளிதில் கசிவதில்லை. 300 டிகிரி, நைலான், வெயில், அமிலம் எதற்கும் அசையாது. குறை இரண்டு. ஒன்று, நிற வலு மிகக் குறைவு. வனடேட் 1 சதவீதம் போதுமான இடத்தில் இது 2-3 சதவீதம் கேட்கும், அப்போதும் வெளிறித்தான் தெரியும். இன்னொன்று கடினம். ஸ்க்ரூவையும் அது சுழலும் பேரலையும் அராவி, மஞ்சளில் சாம்பல் கோடு இழுக்கும். கண்ணாடி இழை கலந்த நைலானில் இழைகளையே நொறுக்கி, தாக்குவலிமையைக் குறைத்துவிடும். இதைப் பலர் ரெசின் கோளாறு என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

இரும்பு ஆக்சைடு மஞ்சளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மலிவு, ஆனால் 180 டிகிரி தாண்டினால் நீரை இழந்து சிவக்கும்.

எதை எடுத்தாலும் வெப்பச் சோதனையை நீங்களே செய்யுங்கள். 200 டிகிரியில் ஒரு சிப் வார்த்து அதை ஒப்புமையாக வையுங்கள். பின்பு 20 டிகிரி கூட்டிக் கூட்டி, ஒவ்வொரு படியிலும் உருகலை 5 நிமிடம் பேரலில் நிறுத்தி வாருங்கள். ஒப்புமை சிப்புக்கும் இதற்கும் உள்ள நிற வேறுபாட்டின் அளவான டெல்டா ஈ 3ஐத் தொடும் வெப்பநிலைதான் அந்த பிக்மென்ட்டின் எல்லை.

சான்றிதழில் ஒரு சிக்கல் அடிக்கடி வருகிறது. நிக்கல் டைட்டனேட்டின் உறவான, சற்றே காவி சாய்ந்த குரோம் டைட்டனேட்டை, தனிமங்களைக் கண்டறியும் எக்ஸ்ரே கருவியில் வைத்தால் குரோமியம் காட்டும். அது மூன்றிணைதிற குரோமியம் (Cr III), தடைசெய்யப்பட்ட ஆறிணைதிறம் (Cr VI) அல்ல. கருவிக்கு அந்த வேறுபாடு தெரியாது. வாங்குபவர் நிராகரிக்குமுன் ஆறிணைதிறத்துக்கான ஈர வேதியியல் சோதனை அறிக்கையைக் கையில் வைத்திருங்கள்.

வெயிலில் கிடக்கும் எச்.டி.பி.ஈ (உயர் அடர்த்தி பாலிஎத்திலீன்) பெட்டிக்கு எங்கள் தேர்வு கலவைதான்: டைட்டனேட் அடித்தளமாக, பளிச்சிட உறையிட்ட வனடேட், வார்ப்பு 240 டிகிரிக்குள். நைலான் கனெக்டருக்கு டைட்டனேட் மட்டும், நிறம் மங்கினாலும் பரவாயில்லை.