அண்டை நாட்டிடமா, ஐ.நா.விடமா?

2017 மே இறுதியில் இரத்தினபுரி, களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களை வெள்ளமும் மண்சரிவும் தாக்கி 200-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, இலங்கை அண்டை நாடுகள், ஐ.நா. என இரு தரப்பிடமும் ஒருசேர உதவி கேட்டது.

அண்டை நாட்டின் பலம் வேகம். கடலில் இருந்த இந்தியக் கடற்படைக் கப்பல் 'கிர்ச்' திசை திருப்பப்பட்டு மே 27 அன்றே கொழும்பு வந்தது. கூரைமேல் தவிப்பவருக்குப் படகும் சுழியோடியும் மருத்துவரும்தான் வேண்டும், அறிக்கை அல்ல. ஆனால் அனுப்புகிறவர் கையில் இருப்பதுதான் வரும், கப்பலும் விரைவில் திரும்பிவிடும்.

ஐ.நா. வழியில் சேத மதிப்பீடு, துறைவாரித் திட்டம், பிறகே நன்கொடையாளர்களுக்கு வேண்டுகோள். 2006 முதல் இயங்கும் ஐ.நா.வின் மத்திய அவசர நிதி முதல் தொகையைத் தரலாம். மீதி, கொடுப்பவர் மனத்தைப் பொறுத்தது. கேட்ட தொகை முழுதாகக் கிடைப்பது அரிது. இருந்தும் கிணறுகளை இறைத்துச் சுத்தம் செய்யவும், முகாம்களைப் பேணவும், நோயைத் தடுக்கவும் இந்த வழிதான் தாக்குப்பிடிக்கும். அந்த ஆண்டு இலங்கையில் டெங்குவால் பாதிக்கப்பட்டோர் 1,80,000-ஐத் தாண்டினார்கள் என்பதை மறக்கக்கூடாது.

தரைவழி இல்லாத தீவு, மழை ஓயும்வரை காத்திருக்கவே கூடாது. முதல் அழைப்பு அண்டை நாட்டுக்கு, ஐ.நா.வுக்கான கடிதமும் அதே நாளில் போகட்டும்.